பெட்ச்சை எண்ணாதீர்கள்: மலையகக் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் கணினி வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர்கள் சிலர் லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலுக்கு பெட்ச், அதாவது சிறு திருத்தங்கள், அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம். லயத்து வீட்டில், பழைய லெப்டொப்பில், உலகம் முழுக்க ஓடுகிற ஓர் இயங்குதளத்தின் மூலநிரலைத் திறந்து பார்க்கிற பிள்ளைகள் அவர்கள். முதல் வேலையாகப் பெரும்பாலும் கொமென்ட்களை, அதாவது நிரலுக்குள் மனிதர்கள் வாசிக்க எழுதி வைக்கும் குறிப்புகளை, ஒழுங்குபடுத்துகிறார்கள். அது நல்ல தொடக்கம்தான். ஆனால் சான்றிதழ் வேண்டுமென்றால் இத்தனை பெட்ச் அனுப்பியிருக்க வேண்டும் என்று ஒரு வகுப்பில் கணக்கு வைத்திருப்பதாக மாணவர்கள் சொன்னார்கள். எந்த வகுப்பு என்பது இங்கே தேவையில்லை. அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நாமெல்லாம் தராசைப் பார்த்து வளர்ந்தவர்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், என்றால் கொழுந்தோடு முத்தல் இலையும் கூடைக்குள் போகத்தான் செய்யும். பெட்ச்சை எண்ணினாலும் அதுதான் நடக்கும். பிள்ளை ஒரு கோப்பை எடுத்து வடிவக் குறைகளைக் காட்டும் செக்பெட்ச் கருவியை ஓட்டுகிறது. கருவி காட்டுகிற ஒவ்வொரு வரியையும் திருத்துகிறது. திருத்தம் ஒவ்வொன்றும் ஒரு பெட்ச். கோப்பு என்ன செய்கிறது என்று கடைசிவரை வாசிப்பதில்லை.

விதி ஒன்றும் கஷ்டமானதில்லை. பல வரிக் கொமென்ட் என்றால் /* தனி வரியில், அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் ஒரு நட்சத்திரம், முடிவில் */ தனி வரியில். ஆனால் நெட்வொர்க் பகுதியில் நீண்ட காலம் வேறு வழக்கம் இருந்தது. அங்கே /* போட்ட வரியிலேயே பேச்சும் தொடங்கிவிடும். வாசிக்காமல் திருத்தப் போகிறவர் பிழையே இல்லாத இடத்தைப் பிழை என்று நினைத்துவிடுவார்.

கொமென்ட்தானே, அதை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்கிறார்கள். இதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

2017இல் வந்த ஜீசீசீ 7 கொம்பைலர் (மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி), பல தெரிவுகளில் ஒன்றுக்குப் போகும் ஸ்விட்ச் கூற்றில் ஒரு கேஸிலிருந்து அடுத்ததற்குள் பிரேக் இல்லாமல் விழுந்தால் எச்சரிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. வேண்டுமென்றே விழுகிறோம் என்று சொல்ல, அந்த இடத்தில் 'ஃபால் த்ரூ' என்று ஒரு கொமென்ட் போட்டால் போதும். கொம்பைலர் அந்தக் கொமென்ட்டை வாசித்து, எச்சரிக்கையை அடக்கிக்கொள்ளும். சும்மா கிடக்கிற குறிப்பு என்று ஒருவர் அதை அழித்திருந்தால் எச்சரிக்கை திரும்ப வந்திருக்கும். கிளாங் கொம்பைலர் அந்தக் கொமென்ட்டைக் கண்டுகொள்வதில்லை. 2020இல் கெர்னலில் பெருமளவு இடங்களில் கொமென்ட்டை எடுத்துவிட்டு அதே பெயரில் ஒரு மெக்ரோவை (கொம்பைல் செய்யும்போது விரியும் சுருக்கப் பெயர்) போட்டார்கள்.

இன்னொன்று. பல வரி மெக்ரோக்களில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் பின்சாய்வு இருக்கும். கொம்பைலர் முதலில் வரிகளை ஒட்டிவிட்டு அப்புறம்தான் கொமென்ட்டை நீக்கும். அப்படிப்பட்ட மெக்ரோவுக்குள் /* */ கொமென்ட் ஒன்றை அழகுக்காக // ஆக மாற்றினால், அதற்குப் பின்னால் உள்ள மெக்ரோ முழுவதும் கொமென்ட்டாகிவிடும். சில நேரம் கொம்பைல் ஆகாது, தப்பித்தோம். சில நேரம் சத்தமில்லாமல் கொம்பைல் ஆகிவிடும்.

மெமரி பாரியர் பக்கத்தில் உள்ள கொமென்ட்கள் எல்லாவற்றையும்விட முக்கியமானவை. புரொசெசர் எழுதுவதையும் வாசிப்பதையும் தன் வசதிக்கு முன்பின் மாற்றிக்கொள்ளும். அதைத் தடுக்கும் வரி ஒரு இடத்தில் இருந்தால் அதன் சோடி இன்னொரு செயற்கூற்றில், சில வேளை இன்னொரு கோப்பில் இருக்கும். எது எதற்குச் சோடி என்பதைக் கோட் சொல்லாது. கொமென்ட் மட்டும்தான் சொல்லும். அதனால்தான் கொமென்ட் இல்லாத பாரியரைக் கண்டால் செக்பெட்ச்சே குறை சொல்கிறது. வரி நீளமாக இருக்கிறதென்று ஒரு பிள்ளை அந்த வாக்கியத்தைச் சுருக்கினால், அடுத்து வருகிறவர் சோடியைத் தேடி நாள்கணக்கில் அலைய வேண்டியதுதான்.

பெட்ச் சரியாகவே இருந்தாலும் செலவு உண்டு. ஒரு வரியை யார், எதற்காக எழுதினார் என்று தேடும்போது கிட் பிளேம் (பதிப்பு வரலாற்றைத் தேடும் கட்டளை) முதலில் காட்டுவது கடைசியாகத் தொட்டவரைத்தான். புதிய கெர்னலில் செய்த பிழைத்திருத்தத்தை நீண்டகாலப் பராமரிப்பில் உள்ள பழைய பதிப்புக்குக் கொண்டுபோகும்போது, சுற்றியுள்ள கொமென்ட்கள் மாறியிருந்தால் பெட்ச் ஒட்டாது. யாராவது உட்கார்ந்து கையால் பொருத்த வேண்டும். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பராமரிப்பாளர் 'எதற்கு இது?' என்று ஒரே வரியில் பதில் போடுவது இதனால்தான். அதை நம் பிள்ளைகள் அவமானமாக எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போகிறார்கள். எனக்கு மிகவும் வலிப்பது அதுதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? வெறும் வடிவத் திருத்தம் என்றால் டிரைவர்ஸ் அடைவுக்குள் ஸ்டேஜிங் என்ற பகுதி இருக்கிறது. 2008இல் தொடங்கிய அந்த இடத்தில் இன்னும் தேறாத டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) வைத்துத் தேற்றுகிறார்கள். புதியவர்களுக்கு அங்கே இடம் உண்டு. செய்ய வேண்டிய வேலைகளையும் எழுதி வைத்திருப்பார்கள். மற்றப் பகுதிகளில் வடிவத்துக்காக மட்டும் கை வைக்க வேண்டாம்.

எந்தப் பகுதியிலும் வரவேற்கப்படும் வேலை, பொய்யாகிப்போன கொமென்ட்டைத் திருத்துவது. கெர்னலில் /** என்று இரட்டை நட்சத்திரத்தோடு தொடங்கும் கொமென்ட்டுக்குத் தனி அர்த்தம் உண்டு; அதை ஒரு கருவி வாசித்து ஆவணமாக்குகிறது. செயற்கூற்றின் உள்ளீட்டுக்கு யாரோ பெயர் மாற்றியிருப்பார், மேலே உள்ள கொமென்ட்டில் பழைய பெயரே கிடக்கும். அல்லது சாதாரணக் குறிப்பு ஒன்றுக்குத் தவறுதலாக இரட்டை நட்சத்திரம் விழுந்திருக்கும். W=1 என்ற தெரிவைப் போட்டு கெர்னலைக் கொம்பைல் செய்தால் இரண்டையும் எச்சரிக்கையாகக் காட்டும். இப்போது மாணவர் முடிவெடுக்க வேண்டும்: ஒரு நட்சத்திரத்தை எடுத்துவிட்டுச் சாதாரணக் குறிப்பாக்குவதா, இல்லை உள்ளீடுகளையும் திருப்பித் தரும் மதிப்பையும் எழுதி முழுமையான ஆவணமாக்குவதா? செயற்கூற்றை வாசிக்காமல் இதற்குப் பதில் கிடைக்காது. நான் ஆசிரியராக இருந்தால் இதற்குத்தான் புள்ளி போடுவேன். பெட்ச் ஏற்கப்படாவிட்டாலும் போடுவேன்.

வகுப்பில் செய்ய நல்ல பயிற்சி ஒன்றும் உண்டு. கொமென்ட் மட்டும் மாறிய கோப்பை, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கொம்பைல் செய்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒன்றுபோல் இருக்கும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். ஆனால் வரிகளின் எண்ணிக்கை மாறியிருந்தால் பல இடங்களில் வித்தியாசம் தெரியும், ஏனென்றால் ஓடும்போது எச்சரிக்கை காட்டும் வோர்ன் போன்ற மெக்ரோக்கள் வரி எண்ணையும் உள்ளே பதிந்து வைக்கின்றன. அந்த வித்தியாசத்தை விளக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கெர்னல் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

கடைசியாக டேட்டா விஷயம். கெர்னலை முழு வரலாற்றோடு இறக்கினால் பல ஜீபி போகும். மொபைல் டேட்டாவை நம்பியிருக்கிற பிள்ளை கடைசி நிலையை மட்டும் இறக்குகிறது. அதில் கிட் பிளேம் எல்லா வரிகளுக்கும் ஒரே பெயரைக் காட்டும். வரலாறு இல்லாமல் எப்படி வாசிப்பது? உங்கள் நிலையத்தில் ஒருமுறை முழுமையாக இறக்கி, பென்டிரைவில் கொடுங்கள். அதற்குப் பிறகு புதிதாக வந்ததை மட்டும் அவர்கள் இழுத்துக்கொள்ளலாம். பெட்ச்சை அவரவர் சொந்தப் பெயரில், சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள்; நிலையத்தின் பொது முகவரி வேண்டாம். பெட்ச்சின் கீழே போடும் ஒப்பம் (Signed-off-by வரி) அந்தப் பிள்ளையின் பொறுப்பு, வரலாற்றில் நிற்க வேண்டியதும் அந்தப் பிள்ளையின் பெயர்தான்.

முழுப் பிரதி என்னிடம் இருக்கிறது. ஹட்டனுக்கு யாராவது வருவதாக இருந்தால் கொப்பி பண்ணித் தருகிறேன். சனிக்கிழமைகளில் உங்கள் வகுப்புக்கு வந்து, ஒரு கோப்பைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசிக்கவும் தயார்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து, கெர்னல் டிரைவர் வேலை செய்யும் ஒருவர்