ஆண்டறிக்கை 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, அண்ணன்மார்களே, அக்காமார்களே, டெட்ராய்ட் வட்டாரத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லோருக்கும் அன்பின் வாழ்த்துகள்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு தமிழ் வகுப்பு தடையில்லாமல் நடந்தது. கோடைப் பிக்னிக்கில் மழை கொட்டி, பிரியாணி மட்டும் தப்பியது. கேரல் ரவுண்ட்ஸ் டிராய், நோவை, கேன்டன் பக்கமெல்லாம் போய்வந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு அதிகம் பேச வைத்தது மாதாந்தர வேத ஆராய்ச்சிக் கூட்டம்தான். அதிபர் தேர்தல் ஆண்டு என்பதால், நம் வாட்ஸ்அப் குழுவில் காலையில் வசனம் போட்டவரே மத்தியானம் எதிர்க்கட்சிக்காரர்களைப் பிசாசின் பிள்ளைகள் என்று திட்டும் வீடியோவையும் அனுப்பினார். மறுபக்கத்தாரும் சளைக்கவில்லை. குழுவையே மூடிவிடலாமா என்று செயற்குழு யோசித்தது. மூடினால் தனித்தனிக் குழுவில் திட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். அதனால் கிறிஸ்தவன் அரசியலை எவ்வளவு காரமாகப் பேசலாம் என்பதையே இலையுதிர்காலக் கூட்டங்களுக்குத் தலைப்பாக வைத்தோம். இன்றைய ஆட்களை எடுத்தால் கூட்டம் கலகலத்துவிடும் என்று பயந்து, நம் ஊரின் பழைய ஆள் ஒருவரை எடுத்தோம்: 1930களில் வானொலியில் அரசியல் பேசிப் பெயர்பெற்ற, டெட்ராய்ட் பக்கத்து ராயல் ஓக்கின் கத்தோலிக்கப் பங்குத்தந்தை சார்ல்ஸ் காக்லின்.

உட்வர்ட் அவென்யூவில் பன்னிரண்டு மைல் சாலை முனையில், சிலுவை செதுக்கிய பெரிய கோபுரத்தோடு நிற்கும் குழந்தை தெரேசா பேராலயத்தைப் பலர் தினம் கடந்து வேலைக்குப் போகிறீர்கள். காக்லினின் வானொலிப் பேச்சைக் கேட்டவர்கள் அனுப்பிய காணிக்கையில் எழும்பியது அது. 1926இல் சிறுவர்களுக்கான மறைக்கல்வியாகத் தொடங்கிய அவருடைய வானொலி நிகழ்ச்சி, பொருளாதாரப் பெருமந்தம் வந்து கார் தொழிற்சாலைகள் ஆட்களை வெளியே அனுப்பியபோது அரசியல் பேச ஆரம்பித்தது. வங்கி முதலாளிகளின் பேராசையை அவர் கிழித்தார். 1931இல் சிபிஎஸ் வானொலி நிறுவனம் கைவிட்டதும் சொந்தமாக நிலையங்களைச் சேர்த்துக்கொண்டார். கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். வேலையில்லாதவனுக்காகப் பேசிய அந்த முதல் ஆண்டுகளின் உரைகளில், காரம் இருந்தாலும், நம்மில் பலருக்குக் குறை தெரியவில்லை. எனக்கும்தான்.

1933 வாக்கில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் 'நியூ டீல்' பொருளாதாரத் திட்டத்தைக் கிறிஸ்துவின் திட்டம் என்று சொன்ன அதே வாய், 1936 ஜூலையில் கிளீவ்லாந்து மாநாட்டில் அவரைத் துரோகி, பொய்யர் என்றது. பிறகு மன்னிப்பும் கேட்டது. அந்த ஆண்டின் அதிபர் தேர்தலில் காக்லின் ஆதரித்த வேட்பாளர் வில்லியம் லெம்கி இரண்டு சதவீத வாக்குகூடப் பெறவில்லை. 1938இல் காக்லினின் பத்திரிகை, யூதர்கள் உலகைப் பிடிக்கச் சதி செய்வதாகப் புனையப்பட்ட போலி ஆவணத்தைத் தொடராக வெளியிட்டது. அந்த நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் ஜெபாலயங்கள் எரிந்து பத்து நாள்கூடக் கடந்திருக்குமோ என்னவோ, 20ஆம் தேதி ஒலிபரப்பில் அதற்குச் சாக்குச் சொன்னார். நியூயார்க்கின் டபிள்யூஎம்சிஏ நிலையம் அவரைத் தொடர்ந்து ஒலிபரப்ப மறுத்தது. அவருடைய விசிறிகளோ அந்த நிலையத்துக்கு எதிராகத்தான் மறியல் செய்தார்கள்.

இங்கேதான் கூட்டம் சூடுபிடித்தது. இயேசுவே "சர்ப்பங்களே, விரியன்பாம்புக்குட்டிகளே" என்று சொல்லவில்லையா, ஏரோதை நரி என்று சொல்லவில்லையா என்று ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. சகோதரனைத் திட்டுவதைக் கண்டிக்கும் மத்தேயு 5:22ஐ மட்டும் காட்டி அவர் வாயை அடைக்க முயன்றது சரியல்ல என்பது என் கருத்து. அப்புறம் ஒரு அக்கா மத்தேயு 23ஐக் கடைசிவரை வாசிக்கச் சொன்னார். அங்கே திட்டு வாங்குகிறவர்கள் அதிகாரத்தில் இருக்கும் சொந்த மதத்தலைவர்கள். குற்றம் அவர்கள் செய்கையில். அந்த அத்தியாயம் முடிவது எருசலேமுக்காக ஏங்கும் புலம்பலில். காக்லினின் பேச்சில் காரம் 1931க்கும் 1938க்கும் பெரிதாக மாறவில்லை. மாறியது இலக்கு. ஒருவன் செய்ததைத் திட்டியவர், ஒருவன் பிறந்த இனத்தைத் திட்ட ஆரம்பித்தார். கேட்டவர்களில் பெரும்பகுதி விலகினாலும், மீதியிருந்தவர்கள் முன்னைவிட ஆவேசமாகக் கைதட்டினார்கள்.

திருச்சபை என்ன செய்தது என்பதைக் கத்தோலிக்க உறுப்பினர்களே ஒளிக்காமல் பேசினார்கள். டெட்ராய்ட் ஆயர் மைக்கேல் கலகர், 1937இல் இறக்கும்வரை காக்லினுக்குத் துணை நின்றார். ஜான் ரயன் என்ற குருவானவர் 1936லேயே வானொலியில் அவரை மறுத்துப் பேசினார். சிகாகோ கர்தினால் மண்டலைன், இவர் திருச்சபையின் குரல் அல்ல என்று 1938 டிசம்பரில் அறிவித்தார். டெட்ராய்ட் பேராயர் மூனி அவரை அரசியலிலிருந்து நிறுத்தியது 1942இல், அமெரிக்கா போரில் இறங்கி, அரசாங்கமும் பத்திரிகையை நெருக்கிய பிறகு. அதன்பின் 1966வரை அதே ஆலயத்தில் பங்குத்தந்தையாகவே இருந்தார். தாமதம் என்று சொல்ல ஆயர்களைக் குறை கூறும் தகுதி எல்லாம் தேவையில்லை, தேதிகளைப் பார்த்தாலே போதும்.

கூட்டத்தின் விளைவாகக் குழுவில் ஒரு விதி வந்தது: அரசியல் பேசலாம், ஆனால் சொந்த வார்த்தையில், ஃபார்வர்ட் வீடியோ, ஆடியோ கூடாது. செய்கையை விமர்சிக்கலாம், எந்த மதத்தையும் இனத்தையும் மொத்தமாக அல்ல. சிலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். அவர்களில் இருவர் கேரலுக்கு வந்து பாடினார்கள்; குழுவுக்குத் திரும்பவில்லை. கருக்கலைப்பு, எல்லைப் பிரச்சினை இரண்டிலும் நமக்குள் உடன்பாடு இல்லை, வரும் என்றும் தோன்றவில்லை.

மண்டப வாடகை உயர்கிறது. அடுத்த கூட்டத்துக்குள் வேறிடம் பார்க்க வேண்டும். செயலாளர் பொறுப்புக்குப் புதியவர் பெயர் கொடுங்கள். டீ போட்ட இளைஞர்களுக்கு நன்றி. அறிக்கையைச் சபையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.