காய்ச்சும் கொட்டிலுக்கு இன்னும் 8,700 டொலர் தேவை

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

முதலில் கணக்கு. கனடாவின் ஒன்ராறியோவில், கிரே கவுன்ரியில் இருக்கும் நம் ஊர்ச் சங்கக் காணியில் மேப்பிள் மரத்துச் சாறு எடுத்துச் சர்க்கரைப் பாணி காய்ச்ச 25,000 டொலர் வேண்டும் என்று சித்திரைக் கூட்டத்தில் முடிவானது. இன்றுவரை சேர்ந்தது 16,300. குறைவது 8,700. காய்ச்சும் அடுப்பைச் செய்து தருபவர் மிச்சக் காசை நவம்பர் 15ஆம் திகதிக்கு முன் கேட்கிறார். பிந்தினால் அடுப்பு மாசிக்குள் வந்து சேராது. ஒரு முழு வருடம் போய்விடும்.

இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய், பகலில் அதற்கு மேலே ஏறும் நாட்களில்தான் சாறு ஓடும். தெற்கு ஒன்ராறியோவில் அது பெப்ரவரிக் கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய சிவராத்திரிக்கும் பங்குனி உத்தரத்துக்கும் இடையில். மொட்டு விரியத் தொடங்கினால் சாற்றின் ருசி கெட்டுவிடும்.

இந்தக் காணி எப்படி வந்தது என்று இளையவர்கள் பலருக்குத் தெரியாது. 1983க்குப் பிறகு வந்து சேர்ந்த நம் மூத்தவர்கள் உணவகங்களில் கோப்பை கழுவியும், இரவு வேலை முடித்த கையோடு பகல் வேலைக்கு ஓடியும் உழைத்தவர்கள். ஒரு அறையில் ஆறு பேர் படுத்தெழும்பிய காலம் அது. அந்தக் காசில் சீட்டுப் பிடித்து, 1994இல் 22 ஏக்கர் வாங்கினார்கள். சொந்தமாக வீடு வாங்காதவர்கள் கூடச் சங்கத்துக்குக் காணி வேண்டும் என்று பங்கு போட்டார்கள். சரிவு நிலம், பயிருக்கு ஆகாது என்று சொல்லித்தான் பழைய சொந்தக்காரர் விலையைக் குறைத்தார். அப்போது சிரித்தவர்கள் இருந்தார்கள். காணிக்கு முன்னின்றவர்களில் பாதிப்பேர் இன்று நம்மோடு இல்லை.

அன்று குறையாகச் சொன்ன அந்தச் சரிவுதான் இன்று நமக்குக் கை கொடுக்கிறது. ஐந்து மில்லிமீற்றருக்கும் குறைந்த உள்விட்டம் கொண்ட மெல்லிய ரியூபை மரத்துக்கு மரம் கட்டிக் கீழே இறக்கினால், ரியூபை நிறைத்து இறங்கும் சாற்றின் எடையே மேலிருக்கும் சாற்றை இழுக்கும். பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தின் ரிம் வில்மொட் ஆராய்ந்து பரப்பிய முறை இது. முழு இழுவைக்குப் பத்து மீற்றர் இறக்கமே போதும். நம் காணியில் பதினெட்டு இருக்கிறது. வாளி கட்டினால் மலிவு என்று கூட்டத்தில் வாதாடியவர்களிடம் ஒரு கேள்வி. முழங்கால் அளவு பனியில், இரு கையிலும் வாளியோடு அந்தச் சரிவில் யார் இறங்குவது? நிர்வாகக் குழுவின் சராசரி வயது 61.

மரத்துக்கு நோகாதா என்று ஓர் ஆச்சி கேட்டார். 25 சென்ரிமீற்றருக்குக் குறைந்த விட்டமுள்ள மரத்தைத் தொடமாட்டோம். சாறு வடியும் சிறு குழாயைச் செருக எட்டு மில்லிமீற்றர் துளை, ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமில்லை. பருவம் முடிந்ததும் குழாயைக் கழற்றிவிட்டால் மரம் தானே துளையை மூடிக்கொள்ளும். அடுத்த வருடம் பழைய துளைக்குத் தள்ளிப் புதிய இடம்.

பனையில் கருப்பணி என்ற இனிப்புச் சாற்றை இறக்கிப் பனங்கட்டி காய்ச்சிய மண்ணில் பிறந்தவர்களுக்கு இது புதுத் தொழில் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஊரில் பனையேறிச் சாறு இறக்கும் சீவல் தொழில் செய்தவர்களைச் சாதி பார்த்து வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் நாங்கள். இங்கே மேப்பிளில் துளை போட நீ நான் என்று பெயர் கொடுக்கிறோம். நல்லது. கொஞ்சம் வெட்கத்தோடும் பெயர் கொடுப்போம். இந்த மரத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் அறிவை ஐரோப்பியர் வருமுன்னரே வைத்திருந்தவர்கள் இங்குள்ள முதற்குடி மக்கள். கிரே கவுன்ரி சோகீன் ஒஜிப்வே மக்களின் பாரம்பரிய நிலம்.

செலவுக்கு வருவோம். 200 துளைக்கு ரியூப், குழாய், கம்பி எல்லாம் 1,600. உணவுத்தரத் தொட்டிகள் 1,900. மணிக்கு 100 லீற்றர் நீரை ஆவியாக்கும் விறகு அடுப்பு, புகைபோக்கியோடு 8,400. கொட்டில் 10,200. வடிகட்டி, அளவுமானி, போத்தல் 1,150. பாதைக்குக் கல் போட 1,750. அடுப்புக்கு 4,200 முன்பணம் கட்டியாயிற்று. இப்போது வேண்டியது அடுப்பின் மிச்சம் 4,200, பனிக்கு முன் கூரை போட 4,500.

கொட்டில் எதற்கு, குசினியில் காய்ச்சலாமே என்கிறார்கள் சிலர். 40 லீற்றர் சாறு காய்ந்தால்தான் ஒரு லீற்றர் பாணி. மிச்சம் 39 லீற்றரும் ஆவியாகி உங்கள் குசினிக் கூரையில்தான் போய் ஒட்டும். சாற்றை நாட்கணக்கில் வைத்திருக்கவும் முடியாது, புளித்துவிடும். ஓட்டம் நல்லாக இருக்கும் நாளில் ஆயிரம் லீற்றர் வரலாம், அன்றே அடுப்பேற வேண்டும். நல்ல வருடத்திலும் 200 லீற்றர் பாணிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இதில் யாரும் பணக்காரர் ஆகப்போவதில்லை.

இதுவரை தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! பெயர் போடவேண்டாம் என்று சொல்லி 2,000 டொலரை உறையில் வைத்துத் தந்த அன்பருக்கும், ரோல்ஸும் மோதகமும் விற்று 1,140 டொலர் சேர்த்த மகளிர் அணிக்கும், கோடை முழுக்கக் கார் கழுவிய பிள்ளைகளுக்கும், மொன்றியலிலிருந்து கேட்காமலே அனுப்பிய மருமகப்பிள்ளைக்கும், ஓய்வூதியத்தில் மாதம் இருபது டொலர் எடுத்து வைக்கும் மூன்று அம்மாமாருக்கும், சீமெந்துத் தளத்தைக் கூலி வாங்காமல் போட்டுத் தந்த அண்ணருக்கும் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. முதல் போத்தல் பிள்ளையாருக்கு. அடுத்தவை உங்களுக்கு.

சங்கத்தில் 118 குடும்பங்கள். தந்தவை 61. மிச்சம் 57 குடும்பமும் 150 டொலர்படி தந்தால் 8,550 வரும்; எஞ்சிய 150ஐ நிர்வாகக் குழு போட்டுக்கொள்ளும். இயலாதவர்களை யாரும் ஒரு சொல் கேட்கமாட்டோம், வேலை இழந்த வீடுகள் எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் அந்தக் காணியில் கொத்துரொட்டி போட்டுப் பிறந்தநாள் கொண்டாடிய குடும்பங்களும் அந்த 57க்குள் இருக்கின்றன. பெயர் சொல்லவில்லை. வருடாந்தக் கூட்டத்தில் வரவுப் பட்டியல் வாசிக்கப்படும் என்பது பழைய வழக்கம், அதை மட்டும் நினைவூட்டுகிறோம். பெற்றோர் போட்ட பங்கு பிள்ளைகளுக்கும் கடமைதானே.

நாங்கள் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் இல்லை. வருமானவரிக் கழிவுக்கான பற்றுச்சீட்டு தரமுடியாது. சாதாரணப் பற்றுச்சீட்டு அன்றே கிடைக்கும். காசோலை, வங்கி மின்பரிமாற்றம், காசு எதுவானாலும் பொருளாளரிடம். அவருடைய எண் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு மட்டும் எடுக்கவேண்டாம். நவம்பர் முதல் சனிக்கிழமை ரியூப் கட்டப் போகிறோம். சப்பாத்து, கையுறை, மதியச் சாப்பாடு கொண்டுவாருங்கள். தேத்தண்ணீர் சங்கத்தின் செலவு.

இப்படிக்கு,
நிர்வாகக் குழு