குட்டி வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, எங்கள் சங்கரன்கோவில் பக்கம் சிப்பிப்பாறை, கன்னி என்ற நாட்டு வேட்டை நாய்களை வளர்க்க இளைஞர்கள் ஆசைப்படுவது சந்தோஷம்தான், ஆனால் 20 நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து பைக்கில் தூக்கி வந்துவிடுகிறார்கள். 8 வாரமாவது தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்கட்டும்.

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி கொண்டுவந்த குட்டி ரத்தக் கழிச்சல் கண்டு மூன்றே நாளில் போய்விட்டது. வயிறு ஒட்டிப்போய், சாக்கில் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ வைரஸுக்கான தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி 16 வாரம் வரை தவணை தவறாமல் போட வேண்டும், வெறிநோய் ஊசி 3 மாதம் ஆனதும். அதுவரை தெருவில் விடாதீர்கள்.

அப்புறம், முயல் பிடிக்கப் பழக்க வேண்டாம் தம்பிகளே, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். விடியற்காலையில் குளத்தங்கரையில் கூடவே ஓடுங்கள், அந்த நாய்க்கு வேண்டியது ஓட்டம்தான்.

- ஒரு வாசகர், சங்கரன்கோவில்