பாலக்கோட்டு டீக்கடை அக்காவுக்கும், தேடி அலைந்த எல்லோருக்கும்

பென்னாகரம், பாப்பாரப்பட்டி, பாலக்கோடு பக்கத்து மக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் ஊர்களுக்கு வாரம் ஒரு முறை வந்து போகும் போதை மறுவாழ்வு ஆலோசகர் எழுதுகிறேன். முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்னும் போன் வந்துகொண்டே இருக்கிறது. குடியைத் திடீரென்று நிறுத்தி, மனம் தடுமாறிக் காணாமல் போய், இரண்டு இரவு நாம் தேடிய அந்த அண்ணன் நன்றாக இருக்கிறார். கை நடுக்கம் நின்றுவிட்டது. நேற்று மதியம் களியும் கீரைக் கடைசலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று டாக்டர் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னார். அந்தப் பதிலைக் கேட்டு அவர் மனைவி வராண்டாவில் போய் உட்கார்ந்து அழுதார். நானும்தான்.

என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் அந்த இரண்டு இரவும் எங்களோடு நடந்தவர்கள். அதை மறுபடி எழுதப் போவதில்லை. அவர் கதையை அவர்தான் சொல்ல வேண்டும். இந்த அளவுக்கு எழுதுவதற்கே அவரிடமும் அவர் மனைவியிடமும் கேட்டேன். இருவருக்கும் படித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகுதான் இது உங்கள் கைக்கு வருகிறது.

திங்கட்கிழமை விடியற்காலை நாலேகால் மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ஒரு அம்மாவின் குரல். “நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. இவரு சட்டைப் பையில ஒரு சீட்டு இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது, பூக்கடைக்காரரு நம்பரைப் படிச்சுச் சொன்னாரு. மெதுவா வாங்க, அவரு எங்கயும் போக மாட்டாரு. நான் பாத்துக்கறேன்.”

பாலக்கோடு தக்காளி மார்க்கெட் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா அவர். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்கள் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இந்த மடலையே எழுதுகிறேன்.

அண்ணன் அங்கே எப்படிப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஏதோ தக்காளி வண்டியில் ஏறி வந்திருக்க வேண்டும். பெங்களூரில் பல வருஷம் கட்டட வேலை பார்த்தவர். மனம் தடுமாறிய அந்த நேரத்தில் தான் இன்னும் வேலை இடத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு, எல்லோரிடமும் “லோடு வந்துருச்சா? லோடு வந்துருச்சா?” என்று கேட்டிருக்கிறார். மூட்டையும் பெட்டியும் இறங்கும் இடத்தில் அந்தக் கேள்வி யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அக்கா மட்டும்தான் அவரைச் சரியாகப் பார்த்திருக்கிறார்.

“கை காலு ஆடுச்சுங்க. பாக்கறவங்க எல்லாம் குடிச்சிருக்கான்னாங்க. எங்கிட்ட வந்து நின்னாரு, வாடையே இல்ல. மணிக்கட்டுல புதுக் கயிறு, குடிய விடறதுக்குக் கோயில்ல கட்டுவாங்களே, அது கட்டியிருந்துச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது குடிச்சதால ஆடற கை இல்ல, குடிக்காததால ஆடற கைன்னு.”

நான் ஒன்பது வருஷமாக இதைத்தான் கூட்டம் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பல வருஷம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கிவிடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு மனம் முழுக்கக் கலங்கிப்போகும். இல்லாத பூச்சி தெரியும், இல்லாத ஆள் பேசுவார், எந்த ஊரில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். இதைப் புத்தகத்தில் படித்து, பயிற்சியில் கேட்டுக் கற்றுக்கொண்டவள் நான். அந்த அக்கா ஒரு கயிற்றைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

அப்புறம் அவர் செய்தது இது. ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, பல்பு வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் உட்கார வைத்தார். கடையில் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில்தான் டீ. இவருக்கு மட்டும் வீட்டுக்கு வைத்திருந்த உயரமான சில்வர் டம்ளரை எடுத்து, டீயை நன்றாக ஆற்றி, பாதிக்கும் குறைவாக ஊற்றிக் கொடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடித்தாராம். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் பாதி, அப்புறம் இன்னும் பாதி.

ஏன் அப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“முழுசா ஊத்துனா மேல கொட்டிக்குவாரு. நாலு பேரு பாத்துச் சிரிப்பாங்க. சிரிச்சா எந்திரிச்சுப் போயிருவாரு. அப்புறம் எங்க போய்த் தேடறது?”

இந்த வேலையில் நான் எத்தனையோ பேரை எதிரே உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் டம்ளர் நிறையத் தண்ணீர் வைப்பேன், அதுதான் மரியாதை என்று நினைத்து. பலர் அதைத் தொடவே மாட்டார்கள். “வேண்டாங்க மேடம், தாகமில்ல” என்பார்கள். கையை மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொள்வார்கள். கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்துப் பேச்சைத் தொடர்ந்துவிடுவேன். என் முன்னால் தண்ணீர் சிந்திவிடக் கூடாதே என்று தாகத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் அதில் எத்தனை பேரோ. அந்த முகங்கள் எல்லாம் இந்த வாரம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகின்றன.

லோடு வந்துவிட்டதா என்று அவர் கேட்கும்போதெல்லாம், “இன்னும் வரலீங்க, வந்தா நானே சொல்றேன், டீயக் குடிங்க” என்றாராம் அக்கா. ஏன் உளறுகிறாய் என்று ஒரு முறைகூட அதட்டவில்லை. கிண்டல் செய்ய வந்த ஓர் ஆளை மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அண்ணன்கள் இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு, மறுபடி வந்து இவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நன்றி.

நாங்கள் கிளம்பும்போது அக்கா இன்னொன்றும் சொன்னார். “எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாங்க, மூணாம் நாளு. அப்ப எங்களுக்குத் தெரியல. பேய் புடிச்சிருக்குதுன்னு கட்டிப் போட்டுட்டோம்.” அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மற்றவர்களுக்கு நன்றி சொல்லத் தொடங்கினால் முடியாது. பைக்கிலும் டார்ச் லைட்டோடும் ஒகேனக்கல் சாலைக் காட்டோரம் வரை போய்த் தேடிய தம்பிகள், தேடியவர்களுக்கு இட்லி சுட்டு அனுப்பிய மகளிர் குழு அக்காக்கள், வாடகை வாங்க மறுத்த ஆட்டோ அண்ணன், 108 வண்டியில் தர்மபுரி வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்த தம்பி, எல்லோருக்கும் என் வணக்கம். அவருடைய படத்தை வாட்ஸ்அப்பில் போட்டுத் தேடச் சொன்ன வாத்தியார், ஆள் கிடைத்த நிமிஷமே அதை அழித்துவிட்டு, ஒவ்வொரு குரூப்பிலும் போய் “தயவுசெய்து நீங்களும் அழித்துவிடுங்கள்” என்று கேட்டார். அண்ணனுடைய மகள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும் அல்லவா. அதை யோசித்தாரே, அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

இரவு வேலையில் இருந்த நர்ஸ் அக்கா, குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடும் முன் “தையமின் போட்டாச்சா?” என்று கேட்டு நிறுத்தினார். நீண்ட காலம் குடித்தவர்கள் உடம்பில் அந்த பி1 சத்து வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அவ்வளவு பரபரப்பிலும் அது அவர் நினைவில் இருந்தது.

இதற்கு முன்னால் ஓரிடத்தில் இதே மனிதரை, “போதை தெளிஞ்சதும் கூட்டிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பினார்கள். அது எந்த இடம் என்று எழுதப் போவதில்லை. ஆனால் அந்த வார்த்தையை இனி யார் சொன்னாலும் அங்கேயே உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

என் பங்குக்கும் ஒரு தவறு உண்டு, அதை மறைக்க மனம் வரவில்லை. கோயிலில் கயிறு கட்டிக் குடியை நிறுத்தப் போகிறேன் என்று அவர் என்னிடம் முன்பே சொன்னார். சந்தோஷப்பட்டேன். திடீரென்று நிறுத்தாதீர்கள், முதலில் டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் மனைவியிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி என்ன ஆகலாம், எந்த அறிகுறி தெரிந்தால் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும் என்று அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு பத்து நிமிஷம் பேசியிருந்தால், நீங்கள் யாரும் அந்த இரவுகளில் காட்டோரம் நடந்திருக்க வேண்டியதில்லை. அவர் மனைவியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களிடமும் கேட்கிறேன்.

கயிறு கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. மாலை போடுவதையும் சொல்லவில்லை. சாமிக்குப் பயந்தாவது நிறுத்த வேண்டும் என்று ஒருவர் கிளம்பிவிட்டால், எங்கள் வேலையில் கடினமான பாதி முடிந்த மாதிரி. அதற்கு முன்னால் ஒரு முறை ஆஸ்பத்திரி போனால் போதும். மருந்தை முதல் நாள் தேவையான அளவு கொடுத்து, ஒரு வாரம் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார்கள். நடுக்கம் அடங்கும், வலிப்பு வரும் ஆபத்து வெகுவாகக் குறையும், தூக்கம் வரும். அதனால் கயிறு கட்டும் கோயில்கள் ஒவ்வொன்றுக்கும் போய்ப் பூசாரிகளிடம் பேசப் போகிறேன். இந்த அண்ணனுக்குக் கயிறு கட்டிய பூசாரி ஐயாவிடம் பேசியாயிற்று. இனி கயிறு கேட்டு வருகிறவர்களிடம் “தினமும் குடிக்கறியா? காலையில எந்திரிச்சதும் கை ஆடுதா?” என்று கேட்டு, ஆமாம் என்றால் முதலில் டாக்டரிடம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் நன்றி.

சென்னையில் குடி, போதை மறுவாழ்வுக்காக டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன் அம்மாவும் அவருடைய குழுவும், பின்னால் கிராமங்களுக்கே போய் அந்த ஊர்க்காரர்களின் துணையோடு முகாம் நடத்தினார்கள். ஊர் கூடவே நின்றால்தான் மனிதர் நிற்பார் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். அந்த வரிக்கு அர்த்தம் இந்த வாரம்தான் புரிந்தது.

இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது இப்படி ஒருவர் இருந்தால், என்னைத்தான் தேட வேண்டும் என்றில்லை. மனநல உதவிக்கு 14416, போதையிலிருந்து மீள்வதற்கு 14446, இரண்டுமே கட்டணம் இல்லாத எண்கள். ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை தொலைவில்லை. வலிப்போ மனக்குழப்பமோ தெரிந்தால் போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 108.

அக்கா, உங்களுக்குக் கடைசியாக ஒரு சேதி. அண்ணனுக்கு அந்த மூன்று நாளில் ஒன்றும் நினைவில்லை. பாலக்கோடு வந்ததே நினைவில்லை. உங்களைப் பற்றி நான்தான் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், போய்ப் பார்க்க வேண்டும் என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை அவரும் மனைவியும் மகளும் நானும் வருகிறோம். பத்து மணிக்கு மேல், மார்க்கெட்டில் கூட்டம் குறைந்த பிறகு வருகிறோம், உங்கள் வியாபாரம் கெடாது.

பூக்கடை அண்ணா, இதை அக்காவுக்குப் படித்துக் காட்டுங்கள்.