நாலாவது நாள் வேண்டாம், மாப்ளே

மாப்ளே,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டித் தீர்த்திருப்பாய். திட்டு, தகும். இங்கே எல்லோரும் நலம். வாத்தியார் உன்னை விசாரித்தார்: "அவன் இன்னும் பத்துக்கு மேல எண்ணாமத்தான் இருக்கானா?" என்று. நான் வாயைத் திறக்கவில்லை.

நீ அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. தோளில் பாரைச் சுமந்து உட்கார்ந்து எழும் உன் ஸ்குவாட் 120 கிலோவிலேயே ஆறு வாரமாக நிற்கிறது, அதனால் வாரம் மூன்று நாளை நாலாக்கப் போகிறேன் என்கிறாய். வேண்டாம்டா. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் எழுத்திலேயே கணக்குப் போடுகிறேன். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அதே 100 கிலோ, ஐந்து ரெப் வீதம் ஐந்து செட், அதாவது இடைவிடாமல் ஐந்து தடவை, அதையே ஓய்வு விட்டு ஐந்து சுற்று. ஒரே தடவை தூக்க முடிகிற உன் உச்சமான 120இல் 83 சதவீதம். நாளுக்கு 25 ரெப், வாரத்துக்கு 75. எந்த எடைக்கு எத்தனை ரெப் என்று சொல்லும் சோவியத் காலத்துப் பிரிலெபின் அட்டவணையில் 80 முதல் 90 சதவீத எடைக்கு ஒரு செட்டில் 2 முதல் 4 ரெப், ஒரு நாளைக்கு மொத்தம் 10 முதல் 20. அது பாரைத் தலைக்கு மேல் ஏற்றும் ஒலிம்பிக் வகைகளான ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் தூக்குகிறவர்களுக்குப் போட்டது, ஸ்குவாட்டுக்கு அப்படியே ஒட்டாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ அதன் மேல் வரம்பையும் தாண்டுகிறாய், அதுவும் வாரத்துக்கு மூன்று தடவை. புதிதாக ஆரம்பித்தவன் இதைத் தாங்குவான், ஏனென்றால் அவன் தூக்குவது அவனால் முடிந்ததற்கு வெகு கீழே. நீ அந்தக் கட்டத்தைத் தாண்டி இரண்டு வருஷம் ஆகிறது.

வெள்ளிக்கிழமை வரிசையைப் பார்: 5, 5, 5, 4, 3. ஆறு வெள்ளியும் கிட்டத்தட்ட இதே. திங்கள் மட்டும் எல்லாம் ஐந்து. பலம் போதாவிட்டால் திங்களும் இப்படித்தானே விழ வேண்டும்? அதோடு புதன்கிழமை ஸ்குவாட் முடித்த கையோடு, பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் வேறு. வெள்ளியன்று கால் சரியாகத்தான் இருக்கிறது, இடுப்புக்கு மேலேதான் கைகொடுக்கவில்லை. நீ அனுப்பிய வீடியோவில் நாலாவது ரெப்பை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கீழேயிருந்து எழும்போது புட்டம் முதலில் கிளம்புகிறது, பார் அங்கேயே நிற்கிறது, நெஞ்சு தரையைப் பார்க்கிறது, பிறகு முதுகால் நெம்பி நிமிர்கிறாய். முதல் ரெப்பில் இது இல்லவே இல்லை.

ஒரு பயிற்சி உனக்கு இரண்டைத் தருகிறது: கொஞ்சம் பலம், நிறையக் களைப்பு. பலம் சிறிதானாலும் மெதுவாகத்தான் கரையும். களைப்பு பெரிது, ஆனால் சீக்கிரம் போய்விடும். பாரின் மேல் நீ பார்ப்பது ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்த மிச்சம்தான். 1970களில் பானிஸ்டர் என்ற உடற்பயிற்சி ஆய்வாளர் இதைக் கணக்காகவே எழுதி வைத்தார். ஆகவே ஆறு வாரம் நகராத எண்ணை வைத்துப் பலம் கூடவில்லை என்று சொல்லிவிட முடியாது. கூடிய பலம் களைப்புக்குக் கீழே கிடக்கலாம். கிடக்கிறதா என்று பார்க்க ஒரு வாரம் போதும்.

அந்த வாரம் கனமான நாட்களில் எடையைக் குறைக்காதே, செட்டையும் ரெப்பையும் குறை. திங்களும் வெள்ளியும் 100 கிலோவில் மூன்று ரெப், மூன்று செட். புதன் 70 கிலோவில் சும்மா உடம்பைத் திருப்பிவிட்டு வீட்டுக்குப் போ. டெட்லிஃப்ட் கிடையாது. ரொம்பப் பேர் டீலோட், அதாவது களைப்பு இறங்க விடும் லேசான வாரம், என்று வெறும் பாரைத் தூக்கி ஒரு வாரத்தை ஓட்டுகிறார்கள், திரும்பி வந்தால் பழைய எடை அந்நியமாக இருக்கிறது. இன்னும் சிலர் புதன்கிழமையே "லேசா இருக்கே" என்று உச்சத்தைச் சோதித்துப் பார்த்து மொத்தத்தையும் கெடுப்பார்கள். இரண்டாவது வகையில் நீ முதல் ஆள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த திங்கள் 105 கிலோ. இன்னும் ஒரு ரெப் மிச்சம் இருக்கிறது என்று தோன்றும்போது பாரை வைத்துவிடு, அந்த மிச்சத்தையும் சேர்த்து எண்ணு. ஆறு வந்தால், ரெப்பை வைத்து உச்சத்தைக் கணிக்கும் எப்லி சூத்திரப்படி உன் உச்சம் 126. அப்படியென்றால் பலம் உள்ளேதான் இருந்தது. நாலுதான் வந்தால் 119, அதாவது களைப்பு காரணமில்லை, உடம்புக்கு வேலை போதவில்லை. அப்போது உன் நாலாவது நாளைப் பற்றிப் பேசலாம், நானே வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் ஆறுதான் வரும்.

ஆறு வந்தால் அதற்கடுத்த வாரத்திலிருந்து இப்படி. திங்கள் 102.5 கிலோ, மூன்று ரெப், ஐந்து செட்: இதுதான் கனமான நாள். புதன் 85 கிலோ, மூன்று ரெப், நாலு செட், ஒவ்வொன்றும் எவ்வளவு வேகமாக மேலே வருகிறது என்பதில்தான் கவனம். பார் மெதுவானால் அன்றைக்கு நிறுத்து. வெள்ளி 90 கிலோ, ஐந்து ரெப், நாலு செட், அது முடிந்தபின் டெட்லிஃப்ட். முதுகுக்குச் சனியும் ஞாயிறும் கிடைக்கும். மொத்தம் 47 ரெப். 75 எங்கே, 47 எங்கே என்று குதிக்காதே. வாரம் 2.5 கிலோ வீதம் திங்களை மட்டும் ஏற்று, மூன்று வாரம். நாலாவது வாரம் செட்டில் பாதி. நாளைக் கூட்டித்தான் ஆகவேண்டும் என்றால் இந்த 47ஐயே நாலாகப் பிரி, மேலே ஒன்றும் போடாதே. நாள், எடை, செட் மூன்றையும் ஒரே மாதத்தில் ஏற்றினால் எது கடித்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

செட்டுக்கு நடுவே ஒன்றரை நிமிஷம்தான் விடுகிறாயாமே! கனமான நாளில் மூன்று முதல் ஐந்து நிமிஷம். மூச்சு வாங்கித் தோற்றால் அது கால் தோற்றதாகாது.

பல்கேரியப் பளுதூக்கும் அணிக்காரர்கள் தினமும் உச்சம் தூக்கினார்கள் என்று எழுதியிருக்கிறாய். தூக்கினார்கள். அவர்கள் பயிற்சியாளர் அபாஜியேவிடம் இருந்தவர்களுக்கு அதுதான் வேலை, சாப்பிடுவது, தூங்குவது, தூக்குவது மட்டும். ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க்கில் மேலே போன பாரைக் கீழே போட்டுவிடலாம், ஸ்குவாட் போல பாரத்தைத் தாங்கி இறக்கும் வேலை பெரிதாக இல்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கங்கள் ஊக்கமருந்துச் சோதனையில் பறிபோய் அந்த அணியே திரும்பிப் போனதையும் சேர்த்துப் படி.

இப்போது நான் உண்மையில் பயப்படும் விஷயம். கடிதத்தின் ஓரத்தில், ஏதோ சும்மா சொல்வதுபோல, "ராத்திரிச் சாப்பாட்டை விட்டாச்சு, தூக்கம் அஞ்சு மணி நேரம்" என்று கிறுக்கியிருக்கிறாய். மேலே நான் போட்ட கணக்கெல்லாம் இதில் அடிபட்டுப் போகும். உடம்பு இளைத்துக்கொண்டிருக்கும்போது இருக்கிற எண்ணைக் காப்பாற்றினாலே வெற்றி. ஸ்குவாட்டை ஏற்ற வேண்டுமா, எடையைக் குறைக்க வேண்டுமா, ஒன்றைச் சொல். எதுவானாலும் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதத்துக்குக் கீழே போகாதே.

முட்டிக்குக் கீழே, வார்ம்-அப்பில் மறைந்து மறுநாள் காலை படியிறங்கும்போது திரும்ப வரும் அந்த வலி தசைநார் சம்பந்தப்பட்டது போலத்தான் தெரிகிறது. தசையைவிட அது மெதுவாகத்தான் பழகும். 24 மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்தால் அதே எடையில் தொடரலாம், இல்லாவிட்டால் கனமான நாளைக் கொஞ்சம் இறக்கு. இரண்டு வாரத்திலும் அடங்காவிட்டால் போய்க் காட்டு, எனக்கு எழுதிக்கொண்டு இருக்காதே.

அந்தத் திங்கள் 105 கிலோவை வீடியோ எடுத்து அனுப்பு. பக்கவாட்டிலிருந்து, இடுப்பு உயரத்தில் வைத்து. முன்னாலிருந்து எடுத்து உன் மூஞ்சியைக் காட்டாதே, போன தடவையே வாத்தியார் பயந்துவிட்டார்.

உன்,
இன்னொரு தட்டு