விழிப்புணர்வு இல்லாதவர்கள் நாங்கள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்றிகளில் கருமாற்று முறை (ஒரு தாயிடமிருந்து கருவை எடுத்து இன்னொரு தாயின் கருப்பையில் வைத்து வளர்ப்பது) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பன்றிக்கு உங்கள் இதழில் நான்கு பக்கம் கிடைத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். பதினைந்து வருடமாகச் சந்தா கட்டுகிறேன், மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் கிடைக்கிற இடம் எங்களுக்குக் கிடைத்ததில்லை. ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. "பன்றி வளர்ப்போரிடம் போதிய விழிப்புணர்வு இல்லாததே இந்தத் தொழில்நுட்பம் நம் நாட்டில் பரவாததற்குக் காரணம்." இதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் 2008 முதல் கோபி பக்கத்தில் வெண்பன்றிப் பண்ணை நடத்துகிறோம். இப்போது 14 தாய்ப்பன்றிகள், 2 ஆண் பன்றிகள். காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம். என் மகள் கால்நடை மருத்துவம் படிக்கிறாள், லீவில் வந்தால் அவளும் நானும் இதைத்தான் பேசிக்கொண்டிருப்போம். கருமாற்றம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அது எங்களுக்கு எதற்கு வேண்டும் என்பது கட்டுரை எழுதியவரைவிட எனக்கு நன்றாகவே தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு ராத்திரி எங்கள் பண்ணையில் ஒரு தாய்ப்பன்றி குட்டி போட்டது. பத்துப் பன்னிரண்டு குட்டி போடுகிற பன்றி அது. அன்று ஐந்துதான். அதில் ஒன்றுக்கு ஆசனவாயே இல்லை. மூன்றாம் நாள் வயிறு உப்பிப் பானை மாதிரி ஆகிவிட்டது, அப்போதும் பால் குடிக்க மற்ற குட்டிகளை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தது. இன்னொன்றுக்குத் தொப்புளில் குடல் இறங்கியிருந்தது. என்ன காரணம் என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் இருக்கிற நான்கு பண்ணைகளும் ஒரே ஆண் பன்றியின் வம்சத்தைத்தான் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தோம். எல்லாம் ஒரே ரத்தம்.

சரி, புது ரத்தம் வேண்டும் என்று வேறு மாவட்டத்திலிருந்து ஓர் ஆண் பன்றி வாங்கி வந்தோம். வண்டி வாடகையோடு எங்களுக்கு அது பெரிய தொகை. தனியாகக் கட்டி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டோம். அப்படியும் இரண்டு மாதத்தில் மூன்று சினைப்பன்றிகள் கரு கலைந்தன. ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். முடிவு இன்றுவரை எங்கள் கைக்கு வரவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டோம்.

இந்த இரண்டும் நடந்த பண்ணைக்காரிக்குக் கருமாற்றத்தின் அருமையை யாராவது சொல்லித்தர வேண்டுமா? உயிரோடு ஒரு பன்றியை வாங்கினால் அதன் நோயையும் சேர்த்து வாங்குகிறோம். ஐந்தாறு நாள் கருவாக வந்தால், மேல் ஓடு உடையாமல் முறைப்படி பல தடவை கழுவி வந்தால், நோய் வருகிற வழி பெருமளவு அடைபடும். பன்றிக் கருவின் ஓட்டில் சில வைரஸ்கள் கழுவியும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று மகள் சொல்வாள், அதனால் கருவைக் கொடுக்கிற பன்றியையும் பரிசோதிக்க வேண்டும்தான். இருந்தாலும் ஒரு மந்தையின் ரத்தத்தையே மாற்ற இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது வேண்டும். எங்கே கிடைக்கும் என்பதற்குத்தான் அந்த நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். கட்டுரையில் பாதி, மாட்டுக்கு எழுதியதைப் பன்றிக்கு மாற்றியது போல இருந்தது. படமும் மாட்டுப் படம்தான். "ஒரு கரு, ஒரு வாடகைத் தாய்" என்று எழுதியிருந்தீர்கள். மாட்டுக்கு அது சரி. பன்றிக்கு ஒரு கருவை வைத்தால் சினையே நிற்காது. பன்னிரண்டாம் நாள் வாக்கில் குறைந்தது நான்கு கருவாவது கருப்பையில் இருந்தால்தான் அதன் உடம்பு, தான் சினையாக இருப்பதையே உணரும். இல்லையென்றால் 21ஆம் நாள் மறுபடி பருவத்துக்கு வந்து நிற்கும். அதனால்தான் ஒரு தாய்க்கு இருபது, முப்பது கரு வைக்கிறார்கள். மாட்டுக்குப் போல ஆசனவாய்க்குள் கையை விட்டுப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலையும் இல்லை. பன்றியின் கருப்பைக் கொம்பு ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கும் நீளம், குடல் மாதிரி சுருண்டு கிடக்கும். கருவை எடுப்பதற்கு மயக்கம் கொடுத்து வயிற்றைக் கீறித்தான் ஆக வேண்டும். வைப்பதற்கும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. நீளமான மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே ஆழமாகச் செலுத்திக் கத்தி இல்லாமலே வைக்க முடியும் என்று ஸ்பெயினில் முர்சியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2004 வாக்கில் காட்டினார்கள். இதை "புத்தம் புதிய தொழில்நுட்பம்" என்று வேறு எழுதியிருந்தீர்கள். சோவியத் நாட்டில் குவாஸ்னிட்ஸ்கி என்பவர் 1951லேயே பன்றியில் கருமாற்றிக் குட்டி எடுத்துவிட்டார்.

அத்தனை வருடம் ஆகியும் ஏன் பரவவில்லை? பன்றிக் கருவில் கொழுப்பு அதிகம், குளிர் தாங்காது, 15 டிகிரிக்குக் கீழே போனாலே கெட ஆரம்பித்துவிடும். உறைய வைத்த கருவிலிருந்து முதல் குட்டிகள் ஜப்பானில் பிறந்ததே 1989இல்தான். இன்றைக்கும் அதை உறைய வைப்பது பெரிய ஆய்வுக்கூடத்து வேலை. உலகத்து விஞ்ஞானிகளையே இத்தனை காலம் திணறடித்த விஷயத்துக்கு, கோபியில் கொட்டகை கழுவிக்கொண்டிருக்கிற எங்கள் விழிப்புணர்வு காரணமா, ஐயா?

குளிரைப் பற்றிச் சொன்னதும் அப்புறம் இதையும் எழுதத் தோன்றுகிறது. கருவை விடுங்கள், விந்துக்கே எங்கள் நிலைமை என்ன என்று பாருங்கள். மாட்டு விந்து திரவ நைட்ரஜனில் வருடக்கணக்கில் கிடக்கும், சொன்னால் வாசலுக்கே வந்து சினை ஊசி போட்டுவிட்டுப் போவார்கள். பன்றி விந்தை உறைய வைத்தால் சரிப்படாது. 16, 17 டிகிரியில் வைத்து நான்கைந்து நாளுக்குள் போட்டுவிட வேண்டும். ஒரு தடவை வெளியூரில் ஓரிடத்தில் பணம் கட்டி வரவழைத்தோம். ராத்திரி பஸ்ஸில் தெர்மாகோல் பெட்டி வந்தது. திறந்தால் உள்ளே ஐஸ் கட்டி. தடுப்பூசி மருந்துக்கு வைக்கிற மாதிரி சுற்றிலும் அடுக்கி அனுப்பியிருந்தார்கள். பாட்டிலைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. விந்து கெட்டுவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரியும். பன்றிகளோ பருவத்தில் நிற்கின்றன. முதுகில் கையை ஊன்றி அழுத்தினால் காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. இந்த நேரம் போனால் மூன்று வாரம். மனசு கேட்காமல் நான்கு பன்றிகளுக்கும் போட்டோம். நான்கும் சினை நிற்காமல் 21ஆம் நாள் மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டன. நாளுக்கு இரண்டரைக் கிலோ தீவனம் என்று கணக்குப் போடுங்கள், 210 கிலோ வீண். போன் செய்து சொன்னால், "நீங்கள்தான் சரியாகப் போடத் தெரியாமல் போட்டிருப்பீர்கள்" என்றார்கள். அங்கேயும் இதே விழிப்புணர்வுதான்.

2009ஐயும் எழுதிவிடுகிறேன், இத்தனை நாள் மனதிலேயே வைத்திருந்தேன். எச்1என்1 வந்தபோது பத்திரிகை எல்லாம் "பன்றிக் காய்ச்சல்" என்றே எழுதின. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய காய்ச்சல் அது, பன்றிக்கறி சாப்பிட்டு யாருக்கும் வராது. உங்கள் இதழின் அட்டையிலும் பன்றி முகம் போட்டிருந்தீர்கள். பண்ணை ஆரம்பித்து எங்களுக்கு அது இரண்டாவது வருடம். விற்கிற எடைக்கு வந்த பன்றிகளை வாங்க ஆள் இல்லாமல் இரண்டு மாதம் சும்மா தீவனம் போட்டோம். அப்போதும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன், வெளிவரவில்லை. அப்புறம் 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் செத்தன. அது மனிதருக்கு வரவே வராத நோய். அப்போதும் வியாபாரி வருவதை நிறுத்தினார்.

மானியம் பற்றியும் கட்டுரையில் பெருமையாக ஒரு பத்தி இருந்தது. 2021இல் தேசியக் கால்நடை இயக்கத்தைத் திருத்தியபோது 100 பெண் பன்றி, 10 ஆண் பன்றி வைத்தால் பாதி மானியம், 30 லட்சம் வரை என்று அறிவித்தார்கள். 14 பன்றி வைத்திருக்கிறவள் அதைப் படித்து என்ன செய்வாள்? வங்கியில் "பன்றியா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார் ஒருவர். 2012 கணக்கெடுப்பில் நாட்டில் 1 கோடியே 3 லட்சம் பன்றிகள் இருந்தன, 2019இல் 90 லட்சம்தான். இந்தத் தொழிலை விட்டவர்களில் எனக்குத் தெரிந்த யாரும் விழிப்புணர்வு இல்லாமல் விட்டுப் போகவில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள், சின்ன எழுத்தில் போட்டாலும் போதும். இன்னொன்று, பரிசோதித்த ஆண் பன்றிகளின் விந்து தமிழ்நாட்டில் எந்தெந்த ஊரில், எந்தக் கிழமையில், என்ன விலைக்குக் கிடைக்கும், யாரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று விசாரித்து அரைப் பக்கம் வெளியிடுங்கள். நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டால் பதில் வருவதில்லை. நீங்கள் கேட்டால் சொல்வார்கள். கருமாற்றம் வருகிறபோது வரட்டும்.

முடிந்தால் அடுத்த இதழிலேயே போடுங்கள். எங்கள் பண்ணையில் மூன்று தாய்ப்பன்றிகளிடமிருந்து இந்த வாரம் குட்டிகளைப் பால் மறக்கப் பிரிக்கிறோம். பிரித்த ஐந்தாறு நாளில் பருவத்துக்கு வந்துவிடும், இந்தத் தடவை தவறினாலும் அதற்கு அடுத்த பருவத்துக்காவது உதவும்.

இப்படிக்கு,
வெண்பன்றிப் பண்ணை நடத்தும் வாசகி,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.