கதவைச் சாத்தும் ஊர்க்காரர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (டி அண்ட் டி) கட்டுரையை எங்கள் விளையாட்டுக் குழுவில் எல்லோருமே படித்தோம். பகடையும் பேச்சுமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் இந்தக் கதை விளையாட்டைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக ஒருவர் எழுதியதில் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஓர் இடம் எனக்கு உறுத்தியது. ஆட்டக்காரர்கள் ஏற்று ஆடும் சாகசக்காரர்கள் டிராகனைக் கொன்றுவிட்டு வரும்போது அவர்களைக் கண்டு ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வது நன்றிகெட்டத்தனம் என்றும், அப்படிக் கதை நடத்தும் டிஎம் (டஞ்சன் மாஸ்டர், கதையை நடத்தி ஊர்க்காரர்களாகவும் அரக்கர்களாகவும் பேசுபவர்) ஆட்டத்தைக் கெடுக்கிறார் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். நான் ஆறு வருடமாக டிஎம்மாக இருக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் பயப்படுவதில் எந்தத் தப்பும் இல்லை. காரணம் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பைத்தான் நாங்கள் ஆடுகிறோம். அதில் சாதாரண ஊர்க்காரர் ஒருவரின் உயிர்ப்புள்ளி 4. அது தீர்ந்தால் ஆள் சாய்ந்துவிடுவார். ஆயுதம் என்று பார்த்தால் ஒரு தடி. ஐந்தாம் லெவலுக்கு வந்த மந்திரவாதி ஃபயர்பால் என்ற நெருப்புப் பந்து மந்திரத்தைப் போட்டால் எட்டுப் பகடைகளை உருட்டுகிறோம். எட்டிலும் ஒன்று ஒன்றாகவே விழுந்தாலும் சேதம் 8. சட்டென்று விலகிக்கொண்டவருக்கு அதில் பாதி, அதாவது 4. சரியாக அவருடைய உயிர்ப்புள்ளி! அந்த நாற்பதடி வட்டத்துக்குள் அகப்பட்ட ஊர்க்காரர் பகடை எப்படி விழுந்தாலும் தரையில் சாயாமல் தப்ப வழியே இல்லை. போதாததற்கு வைக்கோல், மரச்சாமான் என்று எரியக்கூடியது எல்லாம் பற்றிக்கொள்ளும். இப்படி ஒரு ஆள் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் நமக்குச் சோறு இறங்குமா?

அப்புறம் காசு. மூட்டை தூக்குகிற கூலியாளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வெள்ளிக்காசு. சாகசக்காரர்கள் மடக்கென்று குடித்துவிட்டுக் குப்பியைத் தூக்கிப்போடுகிறார்களே, அந்தக் காயம் ஆற்றும் மருந்து ஒன்று 50 பொற்காசு, அதாவது 500 வெள்ளி. அந்தக் கூலியாளுக்கு அது 250 நாள் சம்பளம். வீரர் மாட்டிக்கொண்டு வரும் முழு இரும்புக் கவசம் 1,500 பொற்காசு. அந்தக் கூலியாள் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் 20 வருடம் உழைத்தாலும் அதை வாங்க முடியாது. விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் பொருள்களின் விலை ஏன் இப்படி எகிறிக் கிடக்கிறது என்பதற்கு, தங்க வேட்டைக் காலத்து அலாஸ்கா ஊர்களை உதாரணம் காட்டியிருக்கிறார். அந்த மாதிரி ஊரில் தங்கம் தோண்டப் போகாதவரும் முட்டையைக்கூட அந்த எகிறிய விலைக்குத்தானே வாங்கியாக வேண்டும்? அவரைப் பற்றி எந்த டிஎம்மும் யோசிப்பதில்லை.

டிஎம் எடுத்து நடத்துவதற்கென்றே அச்சிட்டு வந்த பழைய சாகசத் தொகுப்புகளிலேயே இந்தப் பார்வை ஊறிப்போயிருக்கிறது. கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' தொகுப்பில் கோட்டைவாசிகள் யாருக்கும் பெயர் கிடையாது. கோட்டைத் தலைவர், கொல்லர் என்று தொழிலோடு சரி. ஆனால் யாரிடம் எவ்வளவு காசு, என்ன ஆயுதம் என்பது மட்டும் சுத்தமாக எழுதியிருக்கும். 1979இல் வந்த 'தி வில்லேஜ் ஆஃப் ஹோம்லெட்' இதைவிட எவ்வளவோ மேல். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார், யார் ஊர்க்காவல் படையில் இருக்கிறார் என்றெல்லாம் அதில் உண்டு. அதிலும்கூட வீட்டுக்கு வீடு ஒளித்துவைத்த காசுக்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்து விதிப்படி கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும், லெவல் ஏற உதவும் ஓர் அனுபவப் புள்ளி வேறு. ஊர் ஊராக அலைந்து அடித்துப் பிடுங்கும் இப்படிப்பட்ட கதாபாத்திரங்களுக்கு 'மர்டர்ஹோபோ' (கொலைகார நாடோடி) என்று பெயர் வைத்தது வேறு யாரும் இல்லை, ஆட்டக்காரர்கள்தான்.

எல்லா விளையாட்டும் இப்படி இல்லை. 2012இல் வந்த 'டஞ்சன் கிரால் கிளாசிக்ஸ்' விளையாட்டில் முதல் ஆட்டத்தில் சாகசக்காரர்களே கிடையாது. ஒவ்வொருவரும் மூன்று நான்கு ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டு ஆட வேண்டும். குடியானவர், தச்சர் என்று போனவர்களில் பாதிப் பேராவது திரும்புவதில்லை. பிழைத்தவர்தான் முதல் லெவல் வீரர். செத்தவர்கள் வீட்டில் என்ன சொல்வது என்ற யோசனையோடுதான் அவர் ஊருக்குள் காலடி வைப்பார். இதைக் கட்டுரையாளர் ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும்.

எங்கள் மேசையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான்கு திருடர்களைப் பிடிக்க எங்கள் மந்திரவாதி ஒரு சத்திரத்துக் கொல்லையில் ஃபயர்பால் போட்டான். திருடர்கள் செத்தார்கள். குதிரை லாயம் எரிந்தது, அங்கே வேலை செய்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அதே ஊருக்குத் திரும்பினார்கள். தெருவில் விளையாடிய பிள்ளைகளை அம்மாமார் உள்ளே இழுத்துக்கொண்டார்கள் என்று நான் சொன்னதும் மந்திரவாதியாக ஆடும் நண்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்கதானே இந்த ஊரக் காப்பாத்தினோம்!" என்றான். நான் வாதாடவில்லை. சத்திரக்கார அம்மாவாகப் பதில் சொன்னேன். "சாப்பாடு போடுறேன் தம்பி. அந்தக் கோலை மட்டும் வெளியே வச்சிட்டு வாங்க." அவருடைய வீட்டுக்காரர் சில வருடங்களுக்கு முன்னால் வேறொரு கூட்டத்துக்குப் பந்தம் பிடிக்க இரண்டு வெள்ளிக்குப் போனவர், திரும்பவில்லை. அதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நண்பன், "கோலை வாசல்ல சாத்தி வைக்கிறேன்," என்றான். சாப்பிட்டு முடித்ததும் செத்துப்போன இரண்டு பேரின் பெயரைக் கேட்டான். நான் யோசித்தே வைக்கவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து இரண்டு பெயர்கள் எழுதினேன். அந்த ஞாயிறு முழுக்க அவர்கள் குகைக்கே போகவில்லை, லாயத்தைத் திரும்பக் கட்டினார்கள். இந்த ஆறு வருடத்தில் நாங்கள் ஆடியதில் அதுதான் எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம். ஊர்க்காரர்கள் பயந்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருகிறது.

அடுத்த இதழில் டிஎம் ஆக விரும்புபவர்களுக்கு யோசனைகள் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அரக்கர்களுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கினாலும் சரி, ஊர்க்காரர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள். பத்துப் பேருக்காவது பெயர் வைத்துவிட்டு ஆட்டத்தை ஆரம்பிக்கும்படி அதில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்